பாமசிக் கவுண்டரில் மனநல மருந்து: விசாரிக்கலாமா, கூடாதா?

ஜனவரி 8 – வாசகர் ஒருவரின் கேள்வி

அம்மாவுக்கு மனநல கிளினிக்கில் எழுதின மருந்துத் துண்டோடு கொழும்பு காலி வீதியில் ஒரு பாமசிக்குப் போனேன். கவுண்டரில் நின்றவர் "இது ஆருக்கு? எவ்வளவு காலமாக் குடிக்கிறா? வேற என்ன குளிசை குடிக்கிறா?" என்று எல்லாருக்கும் விளங்கக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றது எங்கள் ஃப்ளட்டில் இருக்கிற ஆன்ட்டி. உடம்பெல்லாம் கூசிப் போனது. டொக்டர் எழுதியிருக்கிறார், நாங்கள் காசு கொடுக்கிறோம், குளிசையை எண்ணித் தருவதுதானே இவர்களுடைய வேலை? மனவருத்தத்தை விசாரிக்க இவர்கள் யார்?

ஜனவரி 8, இரவு 10.40

அந்த மூன்று கேள்வியும் கேட்கவேண்டிய கேள்விகள். கேட்ட சத்தம்தான் பிழை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சண்டை பிடித்தால் அடுத்த முறை அவர் வாயே திறக்காமல் பையில் போட்டு நீட்டுவார். அது உங்கள் அம்மாவுக்கு நல்லதல்ல.

நான் கொட்டாஞ்சேனையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். அதற்கு முதல் வெள்ளவத்தையில் இருந்தேன். ஏன் கேட்கிறோம் என்று சொல்கிறேன். மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் குடிக்கிற ஒருவருக்கு, முதுகு நோவுக்கென்று வேறொரு டொக்டர் ட்ரமடோல் எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வேர்வை, காய்ச்சல், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். அந்த இரண்டு டொக்டரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. கொழும்பில் நாங்கள் நெஞ்சுக்கு ஒருவரையும் முழங்காலுக்கு ஒருவரையும் மனதுக்கு ஒருவரையும் தனித்தனியாகச் சனல் பண்ணி, காசு கட்டிப் பார்க்கிறோம். எல்லாத் துண்டும் வந்து சேர்கிற ஒரே இடம் பாமசிக் கவுண்டர்.

"ஆருக்கு" என்று கேட்பதும் வம்புக்கல்ல. அமிட்ரிப்டிலின் என்ற குளிசை மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள், சீனி வருத்தத்தால் வரும் கால் எரிவுக்கும் கொடுப்பார்கள், ஒற்றைத் தலையிடி வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள். அளவு வேறு, சொல்லவேண்டிய புத்திமதி வேறு. எழுபது வயது ஆளுக்கென்றால் விழுந்துவிடுவார், சிறுநீர் அடைக்கும் என்று வேறு பயமும் இருக்கிறது.

ஜனவரி 9, காலை

"சரி, அப்ப மானத்தோட மருந்து வாங்கிறது எப்படி?" என்று கேட்டவருக்கு.

மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வராதீர்கள். சனலிங் சென்டர்களிலிருந்து ஆட்கள் இறங்கும் நேரம் அது, கவுண்டரில் தோளோடு தோள் இடிபடும். மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் வாருங்கள். வந்ததும் "மருந்தாளரோட கதைக்க வேணும்" என்று சொல்லுங்கள். மருந்துக் கடைக்கு அனுமதி கொடுக்கும்போதே பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் துண்டு மருந்து கொடுக்கலாம் என்பது நிபந்தனை. அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்கும். சான்றிதழ் மட்டும் தொங்கி ஆள் இல்லாத கடைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மனநல மருந்து வாங்காதீர்கள், வேறு எந்த மருந்தும் கூட வேண்டாம்.

ஜனவரி 9, இரவு

புறக்கோட்டையில் கடையில் நிற்கிற தம்பி ஒருவர், "ரெண்டு மணிக்கு முதலாளி விடமாட்டார் அக்கா" என்கிறார். நியாயம். துண்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் முதலே அனுப்பிவிடலாம், நிறையப் பாமசிகள் இப்போது ஏற்கின்றன. பையைக் கட்டி வைத்திருப்பார்கள். கேட்கவேண்டியதைத் தொலைபேசியிலேயே கேட்டு முடிக்கலாம். உண்மையில் பேருந்துத் தரிப்பில் நின்றுகொண்டு கதைப்பதை விட, வீட்டில் கதவைச் சாத்திவிட்டு இரவு ஒன்பதுக்குக் கதைக்கிறவர்கள்தான் எனக்கு முழுதாகச் சொல்கிறார்கள். நேரில் "ஒண்டுமில்லை, நல்லா இருக்கு" என்றவர், அழைப்பில் "மூண்டு நாளா நித்திரை இல்லை, குளிசையை நிப்பாட்டிப்போட்டன்" என்பார்.

ஜனவரி 12

மேலே "நிப்பாட்டிப்போட்டன்" என்று எழுதினதிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. இந்த வேலையில் எனக்கு ஆகப் பெரிய விஷயமாகப் படுவது முதல் இரண்டு கிழமை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஃப்ளூவொக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகள் தொடங்கினால் முதலில் வருவது நன்மை அல்ல. வயிற்றைப் பிரட்டும், தலையிடிக்கும், பதகளிப்புக் கூடும், நித்திரை குழம்பும். இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தணியும். மனம் தெளிவது இரண்டு முதல் நாலு கிழமைக்குப் பிறகுதான். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் கஷ்டம் மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எந்த மனிதரும் நிறுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கிளினிக்கில் காலையிலிருந்து வரிசையில் நின்று, டொக்டரோடு கதைக்கச் சில நிமிடம் கிடைத்திருக்கும். அந்தச் சில நிமிடத்தில் தன் துயரத்தைச் சொன்னாரா, குளிசையைப் பற்றிக் கேட்டாரா?

அதனால் நான் உறையை நீட்டும்போது சொல்வது இவ்வளவு: "முதல் கிழமை கொஞ்சம் கரைச்சல் தரும். அது குளிசை வேலை செய்யத் தொடங்கிற காலம். சாப்பாட்டோட குடியுங்கோ. பலன் தெரிய மூண்டு நாலு கிழமை எடுக்கும். நீங்களா நிப்பாட்டாதேங்கோ, முதல் எனக்கு ஒரு கோல் எடுங்கோ." அதோடு, சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள் என்பதையும் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் நல்லாகிவிட்டேன் என்று மூன்றாம் மாதம் விட்டுவிடுவார்கள், வருத்தம் திரும்பும்.

இளம் பிள்ளைகள் என்றால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தொடக்கக் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் 24 வயது வரைக்கும் எச்சரிக்கை போட்டது. மருந்தைப் பார்த்துப் பயந்து ஓடுவதற்காகப் போட்ட எச்சரிக்கையல்ல அது. பக்கத்தில் ஒரு கண் இருக்கட்டும் என்பதற்காகப் போட்டது.

இங்கிலாந்தில் புதிதாக மருந்து தொடங்குகிற ஆளைப் பாமசியே ஒன்றிரண்டு கிழமையில் அழைத்து விசாரிக்கிற சேவை 2011இல் தொடங்கியது. ஆஸ்துமா, பிறஷர், சீனி என்று தொடங்கி, 2025 ஒக்டோபரில்தான் மனச்சோர்வு மருந்தையும் சேர்த்தார்கள். அதற்கு அரசு பாமசிக்குக் காசு கொடுக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2014இலிருந்து மனநலத்துக்கென்றே பாமசிகளை வைத்து ஒரு திட்டம் நடந்தது. இங்கே நான் வைத்திருப்பது ஒரு தடித்த கொப்பி. ஆளின் சம்மதம் கேட்டு, முதல் பெயரும் அழைக்கவேண்டிய திகதியும் மட்டும் எழுதி வைப்பேன். யாரும் காசு தருவதில்லை. ஆனால் அழைத்தால் எடுக்கிறார்கள். "நீங்கள் எடுப்பியள் எண்டு நினைக்கேல்லை" என்று ஒரு அம்மா சொன்னா. அவ அந்தக் குளிசையை விடவில்லை.

ஜனவரி 13

"எல்லா மனநலக் குளிசையும் பழக்கமாகிவிடும், வாழ்நாள் அடிமை" என்று எழுதியவருக்கு: இல்லை. ஃப்ளூவொக்ஸெட்டின் வகைக்கு ஏங்கி அளவைக் கூட்டிக்கொண்டே போகிற தன்மை கிடையாது. சடுதியாக நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், உடம்பில் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு வரலாம், அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்கள் சொல்வது நித்திரைக்கும் பதகளிப்புக்கும் கொடுக்கிற டயசபாம், அல்ப்ரசோலாம், குளோனசபாம் கூட்டத்துக்குப் பொருந்தும். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுப் பயம் காட்டினால், தேவைப்படுகிறவர் நல்ல மருந்தையும் விட்டுவிடுவார்.

ஜனவரி 16

பொங்கலுக்குக் கடை அரை நாள். அந்த அரை நாளிலும் கேட்டது: "நித்திரைக் குளிசை ரெண்டு தாங்கோ."

இதற்கு "துண்டு இருக்கா? இல்லையெண்டா இல்லை" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி சரி, அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் அங்கேயே முடித்தால் பாதி வேலை. நித்திரை ஏன் இல்லை? எத்தனை நாளாக? பின்னேரம் எத்தனை பிளேன்டீ? மத்தியானம் படுக்கிறாரா? இரவு எழும்பிச் சிறுநீர் கழிக்கப் போகிறாரா, அப்படியென்றால் சீனி பார்த்தாரா?

வெள்ளவத்தையில் ஒரு ஐயா வருவார். மனைவி போய்விட்டா, பிள்ளைகள் ஸ்கார்பரோவில். விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும், பிறகு யோசனைதான், சாப்பாடு இறங்குவதில்லை. அவர் நித்திரைக் குளிசை கேட்டு வந்தவர். அது நித்திரை வருத்தம் அல்ல. விடியற்காலை முழிப்பும் பசியின்மையும் மெலிவும் சேர்ந்தால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று படித்திருக்கிறோம். "ஐயா, நித்திரைக்கு மட்டும் மருந்து குடிச்சா இது போகாது, ஒருக்கா டொக்டரைப் பாருங்கோ" என்றேன். மனநல டொக்டர் என்றதும் "என்னை அங்கொடைக்கு அனுப்பப் போறியோ பிள்ளை" என்று முகம் மாறிவிட்டது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர்ப் பெயரே எங்கள் சனத்துக்கு ஒரு பயம். வழக்கமாகப் பிறஷருக்குப் பார்க்கிற தன்னுடைய குடும்ப டொக்டரிடமே இதைச் சொல்லட்டும் என்று ஒரு சின்னக் கடதாசியில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். போனார். அவர் முதலில் போகச் சம்மதிக்கிற கதவு எது என்பதுதான் முக்கியம், அதற்குள் யார் இருக்கிறார் என்பது பிறகு.

துண்டில்லாமல் கிடைக்காதபோது ஆட்கள் பிரிட்டோன் (Piriton) குளிசைக்கு மாறுகிறார்கள். தும்மலுக்குக் குடிக்கிற அதே மஞ்சள் குளிசை. வயதானவர்களுக்கு அது தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடைப்பு எல்லாம் தரும். ஒவ்வொரு கிழமையும் பிரிட்டோன் அட்டை வாங்குகிற ஆச்சியைக் கண்டால் நான் தும்மலைப் பற்றிக் கேட்பதில்லை, இரவைப் பற்றிக் கேட்பேன்.

ஜனவரி 16, பின்னேரம்

அவசரம் என்பதால் தனியாக எழுதுகிறேன். "அம்மா வருஷக்கணக்காக அல்ப்ரசோலாம் குடிக்கிறா, பாமசியில் இனித் தரமாட்டோம் என்கிறார்கள், நிறுத்திவிடட்டுமா" என்று கேட்ட தங்கச்சி: சடுதியாக நிறுத்தவேண்டாம். நீண்ட காலம் குடித்தவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம். மிச்சம் இருக்கும்போதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், மெல்ல மெல்லக் குறைக்கிற அட்டவணை கேளுங்கள். பாமசிக்காரர் துண்டில்லாமல் தர மறுத்தது சரி, வழி சொல்லாமல் அனுப்பினது சரியில்லை.

ஜனவரி 21

ஒரு தம்பி, மருந்தாளர் படிப்பில் இருக்கிறாராம், "கவுன்சிலிங் எங்கள் வேலையா" என்று கேட்டார். மணித்தியாலக் கணக்கில் உட்கார்ந்து பேசும் ஆலோசனை எங்கள் வேலையல்ல, அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கண்ணில் மட்டும் படுகிற சில விஷயங்கள் உண்டு. அவற்றைத் தவறவிட்டால் வேறு யாரும் பிடிக்கமாட்டார்கள். எனக்கு நினைவில் நிற்கிறவை:

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் குடிக்கிறவர் முழங்கால் நோவுக்கு இபுப்ரோஃபன் அல்லது டைக்ளோஃபெனக் கேட்பார். அது இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். பிறஷருக்கான லொசார்ட்டன், சிறுநீரைக் கூட்டுகிற நீர்க்குளிசை இவையும் அப்படித்தான். கை பெரிதாக நடுங்கினால், வயிற்றோட்டம், நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் நஞ்சேறுகிற அறிகுறி, உடனே ஆஸ்பத்திரி. நோன்பு காலத்தில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்து ராத்தாமாரும் நானாமாரும் லித்தியத் துண்டோடு வந்தால் நோன்புக்கு முதலே டொக்டரிடம் கதைக்கச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தாலும் அளவு ஏறும்.

மனச்சிதைவுக்குக் குளோசப்பின் குடிக்கிற பொடியனுக்காக அவருடைய அண்ணை ஒவ்வொரு முறையும் மலமிளக்கியும் சேர்த்து வாங்குவார். குளோசப்பினால் வருகிற மலச்சிக்கல் குடலையே அடைத்து உயிரை எடுக்கக்கூடியது. வெள்ளை அணுவைப் பார்க்கிற இரத்தப் பரிசோதனையை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், கக்கூஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதே பொடியன் சிகரெட்டை விட்டுவிட்டான் என்றால் நாங்கள் சந்தோஷப்படுவோம். ஆனால் புகை நின்றதும் அதே அளவுக் குளிசை இரத்தத்தில் கூடும், கிளினிக்குக்குத் தெரியவேண்டும்.

பிள்ளை பெறுகிற வயதுப் பெண்ணுக்கு, வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற வல்ப்ரோயேட். கருவிலிருக்கும்போது அது பட்டால் பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நாலு பிள்ளைக்கு வளர்ச்சிப் பிரச்சினை. கல்யாணம் பேசுகிற வீட்டில் குளிசையை மறைப்பார்கள், அதனால் இதைக் கேட்க ஆளே இருக்காது. நான் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்கிறேன். தாயிடம் அல்ல.

ஜனவரி 22

"2022 பொருளாதார நெருக்கடியில எல்லாரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிச்சம், ஒண்டும் ஆகேல்லை" என்கிறார் ஒருவர். ஆகினவர்களை நான் கண்டேன். மருந்து வரவில்லை, வந்தது விலை ஏறி வந்தது, சனம் குளிசையைப் பாதியாக உடைத்தது. பிறஷர்க் குளிசையை முழுதாகக் குடித்து மனநலக் குளிசையைத்தான் பாதியாக்கினார்கள், அது வருத்தமில்லை என்பதுபோல.

இன்னொரு கஷ்டம் அப்போது தொடங்கி இன்றைக்கும் போகவில்லை: கையிருப்பைப் பொறுத்துக் கொம்பனி மாறும், குளிசையின் நிறம் மாறும். ஏற்கெனவே யாரோ தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று பயப்படுகிற ஒருவருக்கு, வெள்ளைக் குளிசைக்குப் பதில் மஞ்சள் குளிசை போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் அடி வாங்கியிருக்கிறார்கள். நான் பழைய வெற்று அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே மருந்துப் பெயர் இருப்பதை அவரே வாசிக்கும்படி காட்டுவேன். வாசித்தால் நம்புகிறார்கள், எல்லாரும் இல்லாவிட்டாலும். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரைப் பிடிக்கச் சொன்னவர், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது அந்த எண்ணத்தில்தான். மலிவுக்காக என்று மட்டும் நினைத்திருந்தேன், இப்போது இந்தப் பயத்துக்கும் அது உதவுகிறது.

ஜனவரி 27

இதை எழுதலாமா என்று நாலு நாள் தள்ளிப் போட்டேன். எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே ஆக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது: 1995இல் ஒரு தொகுதி, 1998இல் எண்டோசல்ஃபன், 2008க்குப் பிறகு பரக்குவாட். முயன்று தப்பினவரைக் குற்றவாளி ஆக்கிய சட்டமும் 1998இல் போனது. அதாவது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைக் குறைத்தால் உயிர் மிஞ்சும். அந்த நெருக்கடி நேரம் கடந்துபோகக்கூடியது.

கொழும்பு வீட்டில் பூச்சிமருந்து இல்லை. குளிசை இருக்கிறது. அப்படியென்றால் கைக்கு எட்டுவதைக் குறைக்கிற வேலை எங்களிடம் வந்துவிட்டது. பிரித்தானியாவில் 1998இல் பரசிட்டமோல் பக்கெட்டின் அளவைச் சட்டம் போட்டுச் சின்னதாக்கினார்கள். அடுத்த 11 ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதனால் நடக்கும் இறப்பு, எதிர்பார்த்ததைவிட 43 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். நான் மனம் உடைந்து வருகிற ஒருவருக்கு ஒரு மாதக் குளிசையை ஒரே தடவையில் கொடுப்பதில்லை. டொக்டரோடு கதைத்து ஒரு கிழமைக்கு மட்டும் கொடுக்கிறேன், வீட்டில் ஒருவர் வைத்திருக்கட்டும் என்கிறேன். ஒவ்வொரு கிழமையும் வருவதால் முகத்தையும் பார்க்கலாம்.

கண் சிவந்து, பனடோல் (பரசிட்டமோல்) நிறையக் கேட்கிற ஒரு பிள்ளையிடம் என்ன கேட்பது? நேரடியாக: "உயிரை விட்டிடலாம் எண்டு நினைப்பு வருதா?" கேட்டால் எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்பது பிழையான பயம். கேட்ட பிறகுதான் அழுகிறார்கள். தனியாக விடாமல் உட்காரவைத்து, வீட்டில் யாரை அழைக்கலாம் என்று கேட்பேன். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், 1333 இன்னொன்று, சுமித்ரயோ என்ற உதவி அமைப்பு 1974இலிருந்து இருக்கிறது. ஏற்கெனவே விழுங்கிவிட்டார் என்றால் "நல்லாத்தானே இருக்கிறார்" என்று பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். பரசிட்டமோல் ஈரலை அழிப்பது முதல் நாளில் வெளியே தெரியாது, நஞ்சை முறிக்கிற மருந்து நேரத்தோடு கொடுத்தால்தான் வேலை செய்யும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே பெரியாஸ்பத்திரி.

ஜனவரி 27, பிறகு

படிக்கிற தம்பிக்கு ஒன்று விட்டுவிட்டேன். மனநல முதலுதவி என்று ஒரு பயிற்சி உண்டு, 2000இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. அங்கே மருந்தாளர்கள் பலர் எடுக்கிறார்கள். இங்கே கிடைத்தால் முதல் ஆளாகப் போங்கள். மேலே எழுதின அந்தக் கேள்வியை வாயால் கேட்டுப் பழகாமல் கவுண்டரில் கேட்க வராது. நான் வீட்டில் தங்கச்சியை வைத்துச் சொல்லிப் பழகினேன்.

பெப்ரவரி 2

உறையைப் பற்றி. எங்கள் கடையில் உறையில் காலை, பகல், இரவு மூன்றும் மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்கிறது. ஆனால் எச்சரிக்கையைக் கையால் எழுதும்போது பழக்கத்தில் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதிவிடுகிறார்கள். மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் வீட்டு வேலை செய்கிற ஒரு பிள்ளை, இரவு ஒன்று என்று எழுதின குளிசையைக் காலையில் குடித்து வேலை நேரத்தில் தூங்கி விழுந்து ஏச்சு வாங்கியிருந்தாள். தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? வாசிக்கத் தெரியாதென்று சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கு நான் நிலவும் சூரியனும் கீறிக் கொடுக்கிறேன்.

பெப்ரவரி 5

"கிரைப் வோட்டர் வாங்க வாறவளைக்கூட விசாரிப்பியளோ" என்று கேட்டவருக்கு: ஓம், அவளைத்தான் ஆகக் கூடுதலாக.

கைக்குழந்தையோடு, தலை சீவாமல், மூன்றாம் தடவை கிரைப் வோட்டர் கேட்டு வருகிற தாயைப் பார்த்தால் பிள்ளையின் வயிற்றைப் பற்றி ஒரு கேள்வி, தாயைப் பற்றி இரண்டு. "நீங்கள் சாப்பிட்டனீங்களோ? பிள்ளை நித்திரை கொள்ளேக்க உங்களுக்கு நித்திரை வருதோ?" பிள்ளை நித்திரை கொண்டபிறகும் தாய்க்கு வரவில்லை, பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றால், களைப்பு என்று விட்டுவிடமாட்டேன். வீட்டுக்கு வருகிற குடும்பநல மருத்துவிச்சியிடம் இதைச் சொல்லும்படி சொல்வேன். அவவுக்கு இதைக் கேட்டறிகிற கேள்வித்தாள் உண்டு, அவ வீட்டுக்குள் வருவதால் மாமியாருக்கும் சந்தேகம் வராது. ஏற்கெனவே மருந்து தொடங்கிய தாய், "பால் குடுக்கிறன், அதால விட்டிட்டன்" என்பாள். செர்ட்ரலின் பாலில் மிகக் குறைவாகவே போகிறது, பாலூட்டும் தாய்க்கு முதலில் யோசிக்கிற மருந்துகளில் அது ஒன்று. விடுவதா தொடர்வதா என்பதை டொக்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் பாலையும் நிறுத்தவேண்டாம், குளிசையையும் நிறுத்தவேண்டாம்.